ஜீவனாம்சம்: மனு போடுவதிலிருந்து பணம் கைக்கு வரும் வரை

விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் பலருக்கு ஜீவனாம்சத்தின் நினைவே வருகிறது. "கேஸ் நடந்தப்பவே கேட்டிருக்கணும், இனிமே முடியாது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது தவறு. இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, தீர்ப்பு சொல்லும்போதும் கேட்கலாம், அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அப்படித்தான். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் 'மனைவி' என்ற சொல், விவாகரத்தாகி மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணையும் சேர்த்தே குறிக்கும். கோர்ட் வராந்தாவில் இன்னும் '125 பெட்டிஷன்' என்றுதான் பேசிக்கொள்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய 125-க்குத்தான் 144 என்று எண் மாறியிருக்கிறது.

பேச்சில் எல்லாவற்றுக்கும் ஜீவனாம்சம் என்று ஒரே பெயர். சட்டத்தில் மனைவிக்கு உரியது வேறு, குழந்தைக்கு உரியது வேறு. இந்த இரண்டையும் ஒரே தொகையாக மனுவில் எழுதிவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் முதல் பிழை. "எனக்கும் என் மகளுக்கும் மாதம் 20,000" என்று எழுதினால், நாளை அம்மா வேலைக்குப் போனாலோ மறுமணம் செய்துகொண்டாலோ அந்த 20,000-ல் எவ்வளவு நிற்கும், எவ்வளவு போகும் என்று புதிதாக ஒரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும். முதல் மனுதாரருக்கு இவ்வளவு, இரண்டாவது மனுதாரரான மைனர் குழந்தைக்கு இவ்வளவு என்று பிரித்தே கேளுங்கள்.

எந்த கோர்ட், எந்தச் சட்டம்

பெரும்பாலானவர்களுக்கு 144 போதும். எந்த மதத்தவரும் போடலாம். குடும்ப நல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கேயும், இல்லாத ஊரில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும், அதாவது ஜே.எம். கோர்ட்டிலும் தாக்கல் செய்ய வேண்டும். எண் 'எம்.சி.' என்று தொடங்கும். நீங்கள் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். கணவர் சென்னையில் இருக்கிறார், கல்யாணம் மதுரையில் நடந்தது என்பதற்காகத் தென்காசியில் அம்மா வீட்டில் இருப்பவர் அலைய வேண்டியதில்லை. ஆதாரில் பழைய முகவரியே இருந்தால் அந்த ஊரில் வசிப்பதைக் காட்ட வாடகை ஒப்பந்தமோ, குழந்தையின் பள்ளிச் சான்றோ வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு முதலில் கிளப்பும் ஆட்சேபம் பெரும்பாலும் இதுதான்.

விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போது இந்து திருமணச் சட்டம் 24-ன் கீழ் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். தீர்ப்பின் போதோ பிறகோ 25-ன் கீழ் நிரந்தர ஜீவனாம்சம், மாதத் தொகையாகவோ ஒரே தவணையாகவோ. இந்த இரண்டு பிரிவுகளிலும் கணவனும் மனைவியிடம் கேட்க முடியும். 144-ல் கணவனுக்கு அந்த வழி கிடையாது. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தவர்களுக்கு 36, 37. கிறிஸ்தவத் திருமணங்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும் அதே எண்கள்தான்: 36, 37. முஸ்லிம் பெண்கள், விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கென்று வந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மட்டும்தான் போக முடியும் என்ற பேச்சை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று முடித்துவைத்தது. தலாக் ஆன பெண்ணும் 125-ல் (இன்றைய 144-ல்) கேட்கலாம்.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ன் 20-ஆம் பிரிவிலும் மாதத் தொகை கிடைக்கும். குடியிருக்க இடமும் சேர்த்துக் கேட்க வேண்டிய நிலை என்றால் அந்த வழி நல்லது.

எல்லாச் சட்டத்திலும் ஒரே நேரத்தில் மனு போட்டுவிட்டால் எல்லாத் தொகையும் கூட்டிக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கோர்ட்டில் ஏற்கெனவே வாங்கிய உத்தரவை அடுத்த கோர்ட்டில் கட்டாயம் சொல்ல வேண்டும். முந்தைய தொகை கழிக்கப்படும். மறைத்தது தெரிந்தால் தொகையை விட நம்பகத்தன்மை போவதுதான் பெரிய நஷ்டம்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்பது தடையே இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். கோர்ட் வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100.

குழந்தையின் பங்கு

நம் நாட்டில் குழந்தைப் பராமரிப்புக்கென்று தனிச் சட்டமோ, சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்ற அட்டவணையோ இல்லை. சாப்பாடு, துணி, வீடு, மருத்துவம், படிப்பு ஆகிய ஐந்தும் கணக்கில் வரும். டியூஷன், கோச்சிங் போன்றவையும் நியாயமான அளவில் சேரும். படிப்புச் செலவு பொதுவாக அப்பா தலையில். அம்மாவும் போதுமான அளவு சம்பாதித்தால் வருமான விகிதப்படி பிரிக்கலாம் என்று 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. இந்தத் தீர்ப்பின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடி மறுபடி வரும்.

144-ன் கீழ் 18 வயது வரைதான். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தானே பிழைக்க முடியாத பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. 18 முடிந்த, கல்யாணமாகாத மகள் இந்து என்றால் 1956-ஆம் ஆண்டு தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 20-ன் கீழ், தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இயலாதவராக இருந்தால், திருமணம் ஆகும் வரை தந்தையிடம் கேட்கலாம். மகனுக்கு அந்தப் பிரிவிலும் 18-தான் எல்லை. பிளஸ் டூ முடியும் வயதில் தொகை நின்றுபோவது, அதுவும் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில், எவ்வளவு பெரிய இடி என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் சமரசமாகப் போகும்போது "முதல் பட்டப்படிப்பு முடியும் வரை" என்ற வரியை எழுதி வாங்குவது நல்லது.

குழந்தையைப் பார்க்க விடாததால் பணம் தரமாட்டேன், பணம் தராததால் பார்க்க விடமாட்டேன் என்ற இரண்டு வாதமும் கோர்ட்டில் செல்லாது. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு, பணத்துக்குத் தனி மனு. அம்மா மறுமணம் செய்துகொண்டால் அவருடைய தொகை நின்றுபோகும், குழந்தையுடையது தொடரும்.

எவ்வளவு கேட்பது

25 சதவீதம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு, சூத்திரம் அல்ல. அதே வழக்கில் உயர் நீதிமன்றம் தந்திருந்த 23,000-ஐ, கணவருக்கு இரண்டாவது குடும்பம் இருப்பதைக் கருதி உச்ச நீதிமன்றம் 20,000 ஆகக் குறைத்தது. ஆக 25 என்பது கண் மதிப்புக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். தொகையைத் தீர்மானிப்பவை வேறு: இரு தரப்பு வருமானம், திருமணத்தின்போது வாழ்ந்த தரம், வயது, எத்தனை வருட இல்லறம், குழந்தைகளின் தேவை, கணவரை நம்பியிருக்கும் வயதான பெற்றோர், மனைவி வேலையை விட்டது குடும்பத்துக்காகவா என்பது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவையில் தனியார் நிறுவன வேலை, மொத்தச் சம்பளம் 68,000. சம்பளச் சீட்டில் கையில் வருவது 38,000 என்று இருக்கிறது. இதைக் காட்டி "இதில் நான் எங்கே கொடுப்பது" என்பார் எதிர்த்தரப்பு. சீட்டை வரி வரியாகப் பாருங்கள்: பி.எஃப். 1,800, தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 200, வீட்டுக் கடன் தவணை 14,000, கூட்டுறவுச் சங்கக் கடன் 9,000, எல்.ஐ.சி. 5,000. சட்டம் கட்டாயமாகப் பிடிப்பவை முதல் இரண்டு மட்டுமே. கடனும் காப்பீடும் அவராக விரும்பிப் பிடிக்க விட்டவை. வருமான வரி, கட்டாய பி.எஃப். போன்ற சட்டப்படியான பிடித்தம்தான் கழியும் என்பதை 1970-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பேச வேண்டிய சம்பளம் 66,000. கடன்கள் எப்போது வாங்கப்பட்டன என்பதையும் கேளுங்கள். நோட்டீஸ் போன மாதத்துக்கு அடுத்த மாதம் தொடங்கிய கடன் என்றால் அது தானே பேசும்.

இனி மனுதாரர் பக்கம். மகள் நான்காம் வகுப்பு. பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 48,000. வேன் மாதம் 1,400, ஆனால் வேன் ஓடுவது பத்து மாதம்தான், ஆக 14,000. புத்தகம், சீருடை, ஷூ 7,500. கூட்டினால் 69,500, பன்னிரண்டால் வகுத்தால் சுமார் 5,800. டியூஷன் 1,000. சாப்பாடு, பால், பழம் 4,000. மருந்து 700. வீட்டு வாடகை 9,000-ல் பாதி 4,500. குழந்தைக்கு மட்டும் 16,000. அம்மாவுக்கு வாடகையின் மறுபாதி 4,500, சாப்பாடு, கேஸ், கரண்ட் 4,500, பஸ், போன் 1,200, மருந்து 800, துணி மற்றவை 1,000, ஆக 12,000. தையலில் வரும் 6,000-ஐக் கழித்தால் அவருக்குத் தேவை 6,000. மொத்தக் கோரிக்கை 22,000. 66,000-ல் மூன்றில் ஒரு பங்கு. குறுக்கு விசாரணையில் எந்த வரியைத் தொட்டாலும் ரசீது காட்ட முடிகிற கணக்கு இது. "மாதம் 50,000 வேண்டும்" என்று கணக்கே இல்லாமல் கேட்ட மனுவில் கடைசியில் 8,000 வருவது அபூர்வமல்ல. நீதிபதிக்கு வேறு பிடிமானம் இல்லாமல் போய்விடுகிறது.

அந்தத் தையல் 6,000-ஐ மறைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கொஞ்சம் சம்பாதிப்பதால் ஜீவனாம்சம் பறிபோகாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயலாதவர் என்றால் பிச்சையெடுக்கும் நிலை என்று பொருளில்லை, கணவர் வீட்டில் வாழ்ந்த தரத்தில் வாழ இந்த வருமானம் போதுமா என்பதே கேள்வி. படித்திருக்கிறார், சம்பாதிக்கும் தகுதி இருக்கிறது என்பதும் போதாது. சம்பாதிக்கக்கூடியவர் என்பதும் சம்பாதிக்கிறார் என்பதும் வேறு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2017-லும் சொல்லியிருக்கிறது. மறைத்து, பிறகு ஜிபே பரிவர்த்தனைகள் வெளியே வந்தால்தான் ஆபத்து.

பிரமாணப் பத்திரம்: வழக்கின் முதுகெலும்பு

ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பின், ஜீவனாம்ச மனுவுடன் சொத்து, வருமானம், கடன் பற்றிய பிரமாணப் பத்திரத்தை இரு தரப்பும் தாக்கல் செய்தாக வேண்டும். படிவம் அந்தத் தீர்ப்பின் இணைப்பிலேயே இருக்கிறது. விவசாய வருமானக்காரர்களுக்குத் தனிப் படிவம். எதிர்மனுதாரர் நான்கு வாரத்துக்குள் பதிலோடு தன்னுடையதைத் தர வேண்டும், இரண்டு வாய்தாவுக்கு மேல் இழுத்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கிவிடலாம். நடைமுறையில் எந்த கோர்ட்டும் தானாக இதைச் செய்யாது. இரண்டாவது வாய்தா தாண்டியதும், எதிர்வாதத்தை நீக்கக் கோரி எழுத்துமூலம் ஒரு மனு போடுங்கள். பெரும்பாலும் அடுத்த வாய்தாவுக்கே பத்திரம் வந்துவிடும்.

உங்கள் பத்திரத்தில் 'பொருந்தாது', 'தெரியாது' என்று வரிசையாக எழுதி வைக்காதீர்கள். வங்கிக் கணக்கு எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் காட்டுங்கள். ஐந்து வருடமாகத் தொடாத, 312 ரூபாய் கிடக்கும் கணக்கையும் சேர்த்துத்தான். நகை யாரிடம் இருக்கிறது, எத்தனை பவுன், அடகில் இருந்தால் எந்தச் சீட்டு என்று எழுதுங்கள். மூன்று வருட வங்கி ஸ்டேட்மென்ட் கையில் இருக்கட்டும்.

எதிர்த்தரப்பின் வருமானத்துக்கு ஆதாரம் தேடுவதுதான் சிரமம். தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் சம்பளச் சீட்டு, அரசின் சம்பளத் தளமான களஞ்சியத்தில் இருக்கும். அதை நீங்கள் எடுக்க முடியாது, ஆனால் சம்பளம் வழங்கும் அலுவலருக்கு கோர்ட் மூலம் சம்மன் அனுப்பி வரவழைக்கலாம். தனியார் என்றால் மனிதவளத் துறைக்கு அதே சம்மன். நிலம், வீடு இருந்தால் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். ஆனால் ஆள் பெயரைப் போட்டால் அது தேடாது, கிராமமும் சர்வே எண்ணும் வேண்டும். பழைய பத்திர நகலோ, வீட்டு வரி ரசீதோ, பட்டா எண்ணோ இதற்காகவே பயன்படும். வீட்டை விட்டு வரும்போது போனில் படமெடுத்துக்கொண்டு வந்தவர்கள் புத்திசாலிகள்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் வரிக் கணக்கில் வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருப்பார்கள். அங்கே செலவிலிருந்து வருமானத்துக்குப் போங்கள்: கார் தவணை, கடை வாடகை, வேலையாட்கள் எத்தனை பேர், கிரெடிட் கார்டு பில், வெளிநாட்டுப் பயணப் படங்கள். இவற்றை வைத்து நீதிமன்றம் வருமானத்தை ஊகிக்கலாம். வேலையை விட்டுவிட்டேன் என்பவரிடம் ராஜினாமாக் கடிதத்தின் தேதியைக் கேளுங்கள். உடல் நலமுள்ள ஆண் உழைத்துக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருக்கின்றன.

வாட்ஸ்அப் உரையாடல், ஸ்கிரீன்ஷாட் போன்றவற்றுக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63(4)-ன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி: சாதனத்தை வைத்திருப்பவர் கையெழுத்திடுவது ஒன்று, நிபுணர் கையெழுத்திடுவது ஒன்று. குடும்ப நல நீதிமன்றத்துக்குச் சான்று விதிகளில் தளர்வு உண்டு. அதை நம்பிச் சான்றிதழ் இல்லாமல் போவது தேவையில்லாத சூதாட்டம்.

மனு போட்ட பிறகு

மூல மனுவோடு அதே நாளில் இடைக்கால மனுவையும் போடுங்கள். மூல வழக்கு முடிய வருடங்கள் ஆகலாம். இடைக்கால மனுவை, சம்மன் சார்வான, அதாவது எதிர்த்தரப்பு கையில் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ரஜ்னேஷ் தீர்ப்பு நான்கு முதல் ஆறு மாதம் என்கிறது. இரண்டையும் விட நீளும் வழக்குகளே அதிகம், அதற்கு முக்கியக் காரணம் சம்மன் சார்வாகாதது. 'கதவு பூட்டியிருந்தது', 'ஆள் இல்லை' என்று திரும்பித் திரும்பி வரும். அலுவலக முகவரியையும் மனுவிலேயே கொடுங்கள். தபால், வாட்ஸ்அப், மின்னஞ்சல் என்று எல்லா வழியிலும் அனுப்ப அனுமதி கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் இங்குள்ள பெற்றோர் வீட்டு முகவரி மட்டும் போதாது, வேலை செய்யும் இடத்தின் முகவரியும் வேண்டும்.

குடும்ப நல நீதிமன்றத்தில் கவுன்சலிங்குக்கும் சமரச மையத்துக்கும் அனுப்புவார்கள். போய் உட்காருங்கள், ஆனால் அங்கே வாய்மொழியாகச் சொன்ன தொகைக்கு எந்த மதிப்பும் இல்லை. அங்கே ஒப்புக்கொண்டதை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, கோர்ட் பதிவு செய்த பிறகுதான் அது உத்தரவு. "அடுத்த மாசத்துலேர்ந்து போடுறேன்" என்ற வாக்கை நம்பி இடைக்கால மனுவை வாபஸ் வாங்கியவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

எதிர்மனுதாரர் வரவே இல்லையென்றால் ஒருதலைப்பட்ச உத்தரவு கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் தகுந்த காரணம் காட்டி அதை நீக்க அவர் மனு செய்யலாம். ஆகவே சார்வு ஆன ஆதாரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

தொகை எந்தத் தேதியிலிருந்து? மனு தாக்கல் செய்த தேதியிலிருந்து. இதையும் 2020 தீர்ப்பு உறுதி செய்தது. ஆனாலும் உத்தரவின் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். 'உத்தரவு தேதியிலிருந்து' என்று தவறி விழுந்திருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். 2024 ஆகஸ்ட் 10-ல் போட்ட மனுவில் 2025 செப்டம்பர் 10-ல் மாதம் 15,000 என்று உத்தரவு வந்தால், அந்த ஒரு வரிக்கு மதிப்பு 13 மாதம், 1,95,000 ரூபாய்.

உத்தரவு இருக்கிறது, பணம் வரவில்லை

பெரும்பாலான வழிகாட்டிகள் உத்தரவோடு நிறுத்திவிடுகின்றன. உண்மையான வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சான்றிட்ட நகல் வாங்கிய அன்றே ஒரு நோட்டில் கோடு போட்டு நான்கு கட்டம் வரையுங்கள்: எந்த மாதம், எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எந்தத் தேதி. பாக்கி மனுவோடு இணைக்கும் அட்டவணை இதிலிருந்துதான் வரும். ரொக்கமாக வாங்காதீர்கள். ஒரே வங்கிக் கணக்கில் வரட்டும்.

144-ல் உத்தரவை மீறினால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் வாரண்ட் கேட்கலாம். அபராதம் வசூலிப்பது போல ஜப்தி செய்யலாம், அப்படியும் தராமல் நின்ற ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய் வந்ததால் கடன் தீர்ந்துவிடாது, பணத்தை அப்போதும் தர வேண்டும். ஆனால் ஒரு கெடு இருக்கிறது: தொகை பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இந்த மனுவைப் போட வேண்டும். பாவம் பார்த்து, பெரியவர்கள் பேசட்டும் என்று காத்திருந்து ஒன்றரை வருடம் கழித்து வருபவர்கள் முதல் ஆறு மாதப் பணத்துக்கு இந்த வழியை இழக்கிறார்கள். உரிமை செத்துவிடுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், கெடு தாண்டினால் இந்தச் சுருக்கமான வசூல் முறை மட்டுமே மூடும், தொகை மீதான உரிமை அப்படியே இருக்கும் என்றது. அந்த வழக்கில் இன்னொன்றும் தெளிவானது: பாக்கி மனு ஒன்று நிலுவையில் இருக்கும்போது அடுத்தடுத்து ஏறும் மாதங்களை அதன் தொடர்ச்சியாகச் சேர்க்கலாம். ஆகவே மூன்று மாதம் தவறினாலே முதல் மனுவைப் போட்டுவிடுங்கள். பிறகு சேர்த்துக்கொண்டே போகலாம்.

சம்பளக்காரரிடம் சிறையை விடச் சம்பள ஜப்தி வேலை செய்யும். சாதாரணக் கடன் தீர்ப்புக்குச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாதவை. ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மட்டும் தலைகீழ்: மூன்றில் ஒரு பங்குதான் பாதுகாக்கப்பட்டது, மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு. அரசு ஊழியருக்கு ஆணை 21 விதி 48, தனியாருக்கு 48-ஏ. உத்தரவு நிறுவனத்துக்குப் போய், அவர்களே பிடித்து கோர்ட்டில் கட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் நிறுவனமே பொறுப்பு. வேலையை மாற்றிக்கொண்டு போனால் புதிய நிறுவனத்துக்கு மறுபடி மனு போட வேண்டும், அந்த அலைச்சல் உண்டு.

25-ன் கீழ் வாங்கிய தொகைக்கு அவருடைய அசையாச் சொத்தின் மேல் பொறுப்பு (சார்ஜ், அதாவது அந்தத் தொகைக்குச் சொத்தையே ஈடாக்குவது) ஏற்படுத்தக் கேட்கலாம். சொத்து இருக்கிறது, மனசு இல்லை என்ற ஆட்களுக்கு இதுதான் சரியான மருந்து. தீர்ப்பு வருவதற்கு முன்பே கேளுங்கள், சொத்து அண்ணன் பெயருக்குப் போன பிறகு கேட்டால் இன்னொரு வழக்கு.

கொடுப்பவர்கள் செய்யும் தவறுகளும் உண்டு. கோர்ட் சொன்ன கணக்கில் போடாமல் பள்ளிக்கு நேராகக் கட்டணம் கட்டிவிட்டு அதைக் கழிக்கச் சொல்வது முதல் தவறு. உத்தரவில் அப்படி இல்லையென்றால் கழியாமல் போகலாம். ஒவ்வொரு முறையும் வங்கிக் குறிப்பில் 'ஜீவனாம்சம், இந்த மாதம்' என்று எழுதுங்கள். உண்மையிலேயே வேலை போய்விட்டால் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள். முடிந்த தொகையைப் போட்டுக்கொண்டே அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ன் கீழ் குறைக்கக் கோரி உடனே மனு செய்யுங்கள். பாக்கி இரண்டு லட்சம் ஏறிய பிறகு போடும் குறைப்பு மனுவுக்கு அனுதாபம் கிடைக்காது. விலைவாசி, பள்ளி மாற்றம், அவருடைய பதவி உயர்வு என்று வாங்குபவரும் அதே 146-ல் கூட்டிக் கேட்கலாம்.

பரஸ்பர விவாகரத்து ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

கூட்டு மனுவில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி எப்போதும் இருக்கும். அதில் கையெழுத்துப் போடும் முன் நிதானியுங்கள். விவாகரத்துக்குப் பின் ஜீவனாம்ச உரிமையைத் தானாக விட்டுக்கொடுத்த பெண்ணின் உத்தரவை ரத்து செய்ய 146(3) இடம் தருகிறது. குழந்தையின் உரிமையை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது, விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அது குழந்தையைக் கட்டாது. 2019-ல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு ஒப்பந்தத்தில் மகளின் பங்கைத் தனியாகப் பிரித்து நிறுத்தியது. ஆனாலும் அதை நிலைநாட்ட வழக்கு நடத்த வேண்டியவர் நீங்கள்தான் என்பதால், "குழந்தையின் பராமரிப்பு, கல்வி, சொத்துரிமை நீங்கலாக" என்ற சொற்களை அந்த வரியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

மொத்தத் தொகையாக வாங்குவதென்றால் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மீதியை இரண்டாவது மனுவில் கையெழுத்திடும் நாளிலும் வாங்குவது வழக்கம். இரண்டாவது கையெழுத்துக்கு முன் டி.டி. கையில் இருக்க வேண்டும், அல்லது பணம் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். பின்தேதியிட்ட காசோலை வேண்டாம். குழந்தைக்கான தொகையை அதன் பெயரில் தேசிய வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு, வட்டியை அம்மா எடுத்துக்கொள்ள, அசலை 18 வயதில் பிள்ளை எடுத்துக்கொள்ள என்று எழுதலாம். மாதத் தொகை என்றால் ஏற்றமும் எழுதப்பட வேண்டும். இன்றைய 10,000 பத்து வருடம் கழித்து என்ன வாங்கும்? 2025 மே மாதம் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே மாதம் 50,000 தந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டச் சொன்னது. பேச்சுவார்த்தையில் இதைக் காட்டுங்கள், பள்ளிக் கட்டணம் ஏறும் வேகத்துக்கு 5 சதவீதம் போதாது என்பது வேறு விஷயம்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. மொத்தமாக வரும் ஜீவனாம்சத்தை மூலதன வரவாகக் கருதி வரியில்லை என்பதும், மாதாமாதம் வருவது வருமானம் என்பதும் நீதிமன்றங்கள் எடுத்த நிலை. கொடுப்பவருக்கு இரண்டிலும் வரிக் கழிவு இல்லை. இருதரப்பிலும் தொகை பேசும்போது இது நினைவில் இருந்தால், பிறகு ஆடிட்டரிடம் போய் அதிர்ச்சியடைய வேண்டியிருக்காது.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்கி வையுங்கள். ஒன்று பாக்கி மனுவுக்கு, ஒன்று சம்பளம் பிடிக்கும் அலுவலகத்துக்கு, ஒன்று பீரோவில்.